இன்னும் வடக்கே

அந்த அக்காவிடம் முடியாது என்று சொல்கிறவர்கள் முதலில் தங்கள் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விடமாட்டார். "யாரு சொன்னா? பேரச் சொல்லுங்க" என்பார். குரல் உயராது. கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, ஒரு துண்டுக் காகிதத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அந்தப் பேனாவைப் பார்த்ததும் பாதிப் பேர் உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வருவார்கள். வரும்போது முடியாதது முடிந்திருக்கும். மீதிப் பேர் பெயரைச் சொல்லிவிடுவார்கள். அவர்களோடு அக்கா மரியாதையாகப் பேசுவார். பெயரைச் சொல்லத் துணிந்தவரோடு பேசலாம் என்பது அவர் கணக்கு.

என் பெயரும் அந்தக் காகிதத்தில் இரண்டு முறை ஏறியிருக்கிறது. பதிலுக்கு அவர் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. கேட்டிருந்தால் சம்மதித்திருப்பாரா தெரியாது. தொடர்பு விட்டுப்போய்விட்டது, கேட்க இப்போது வழியும் இல்லை.

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு டிக்கெட் ஆபீசில் வேலை பார்த்தேன். கீழே பூமாலைக் கடை, மேலே நாங்கள். காசி, ராமேஸ்வரம், ஆறுபடை வீடு, திருப்பதி என்று சுவரெல்லாம் கோபுரங்கள் ஒட்டியிருக்கும். மலேசியத் தமிழன் லீவு எடுத்தால் இந்தியாவுக்குக் கோயில் பார்க்கத்தான் போவான் என்பது எங்கள் முதலாளியின் அசைக்க முடியாத நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் எனக்குச் சம்பளம் வந்தது, அதனால் நானும் ஒன்பது வருடம் வாயைத் திறக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம் அக்கா வேர்த்து விறுவிறுத்து மாடியேறி வந்தார். ஐம்பதை ஒட்டிய வயது, குட்டையான உருவம், கையில் பஞ்சு வைத்துத் தைத்த கனமான நீல ஜாக்கெட். கோலாலம்பூர் வெயிலில் யார் இதைத் தூக்கிக்கொண்டு திரிவார்கள் என்று நினைத்தேன். போர்ட் கிள்ளானில் உறைந்த மீன் வைக்கிற கோல்ட் ரூமில் செக்கர் வேலையாம். கன்டெய்னர் வந்தால் முத்திரையைப் பார்த்து, உள்ளே எத்தனை டிகிரி என்று பார்த்து, பெட்டிகளைத் தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். ஷிப்ட் முடிந்து நேரே ரயில் ஏறி வந்திருந்தார்.

"வடக்க போகணும் தங்கச்சி. மூணு பேரு. டிசம்பர்ல."

நான் காசி விளம்பரத் தாளை எடுத்து வைத்தேன்.

"இன்னும் வடக்க."

கேதார்நாத்தை நகர்த்தினேன்.

"இன்னும்."

காஷ்மீர். ஒரு குடும்பம் பனியில் குதிரை மேல் உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும் படம்.

"இன்னும் வடக்க தங்கச்சி."

"அதுக்கு மேல நம்ம ஆளுங்க யாரும் போறதில்லக்கா."

"யாரு சொன்னா? பேரச் சொல்லுங்க."

என் பெயர் முதல் தடவை ஏறியது அப்போதுதான்.

எழுதி முடித்துவிட்டு, பையிலிருந்து ஓர் அட்டைத் துண்டை எடுத்து மேசைமேல் வைத்தார். சபா என்கிற கானாங்கெளுத்தி மீன் வரும் பெட்டியிலிருந்து வெட்டியது. அதில் ஒரு படம். கடலுக்குள்ளிருந்து கறுப்புப் பாறை மலை ஒன்று செங்குத்தாக எழுந்து நிற்கிறது. மரமில்லை, சரிவில்லை, உச்சி கத்திமுனை மாதிரி. அடியில் கடலோரமாகச் சிவப்பு மர வீடுகள். கீழே வாயில் நுழையாத ஓர் ஊர்ப் பெயர், நார்வே.

"பதினெட்டு வருஷமா இந்தப் பொட்டிய உள்ள வச்சுக்கிட்டிருக்கேன். என் வீட்டுக்காரரு ஹார்பர்லேருந்து கன்டெய்னர் இழுக்கற லோரி டிரைவரு. இதே மீனத்தான் அவரும் பதினெட்டு வருஷமா இழுத்தாரு. மொத நாளே சொன்னாரு, இப்படி ஒரு மலை ஒலகத்துல கெடையாது, வரைஞ்சவன் தண்ணியப் போட்டுட்டு வரைஞ்சிருக்கான்னு. நான் நெஜம்னேன். அன்னிலேருந்து சண்டை."

"சரிக்கா."

"என்னா சரி? இப்ப அவருக்குக் கண்ணு போயிட்டிருக்கு. இனிப்பு நீரு வியாதி. ஒரு கண்ணு போயிருச்சு. இன்னொன்னு எத்தன நாளைக்குன்னு டாக்டர எழுதிக் குடுக்கச் சொன்னேன், மாட்டேங்கிறாரு. அது போறதுக்குள்ள அந்த மலையக் காட்டி அந்த மனுசன் வாய அடைக்கணும்."

நான் பாவப்பட்டிருக்க வேண்டும். சிரித்துவிட்டேன். அக்காவும் சிரித்தார். அந்த நிமிடத்திலிருந்து நான் அவர் பக்கம்.

முதலாளி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "நார்வேலாம் நம்மளுக்குச் சரியா வராதுமா. குளிரு, சாப்பாடு, பாஷை... வேணாம்லா."

"பாஸ், அந்த நாட்டுக்காரனே நம்ம பாஸ்போர்ட்டுக்கு விசா வேணாங்கிறான். நீங்க ஏன் போக வேணாங்கிறீங்க?" என்றார் அக்கா. "குளிரு எவ்வளவு தங்கச்சி அங்க?"

தேடிப் பார்த்து, மைனஸ் மூன்று என்றேன்.

"எங்க கோல்ட் ரூம் மைனஸ் இருபது. நான் தெனமும் அதைவிட வடக்கதான் வேல செய்யிறேன்."

முதலாளி கதவைச் சாத்திக்கொண்டார்.

திட்டம் போட்ட அந்த இரண்டு மாதங்கள்தான் அந்த ஆபீசில் நான் சந்தோஷமாக இருந்த காலம். அக்காவுக்கு லீவு டிசம்பரில்தான், டிசம்பரில்தான் அந்தப் பக்கம் டிக்கெட்டும் மலிவு. ஏன் மலிவு என்று நான் யோசிக்கவில்லை. ஹோட்டலைப் பற்றிப் பேச்சே இல்லை. மீனவர்கள் தங்கிய பழைய மரக் குடிசைகளை இப்போது வாடகைக்கு விடுகிறார்கள் என்று கண்டுபிடித்தேன். உள்ளே அடுப்பு இருக்கிறது என்றதும் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அடுப்பு இருந்தாப் போதும். மீனு அங்க கெடைக்கும். தூளு நான் கொண்டு போறேன்." சின்ன ரைஸ் குக்கர், அரிசி, மீன் கறித்தூள், நெத்திலி சம்பால் என்று பட்டியல் வளர்ந்தது. காஷ்மீருக்கு மேலே உலகப் படத்தில் என்ன இருக்கிறது என்று நான் அப்போதுதான் முதன்முறையாக உற்றுப் பார்த்தேன்.

இந்த நேரத்தில்தான் அக்கா வீட்டுக்காரரின் அண்ணன் எங்கள் ஆபீசுக்கு வந்தார். கிள்ளானில் ஒரு கோயில் கமிட்டியில் பெரிய ஆள். வருடா வருடம் நாற்பது பேரை எங்கள் மூலமாகக் காசிக்கு அனுப்புகிறவர். அந்த டிக்கெட்டை ரத்து செய்யுங்கள் என்றார். முதலாளி அவருக்குக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்துவிட்டு, அக்காவை வரச் சொல்லி என்னைப் போன் போட வைத்தார். ஷிப்ட் முடிந்து வந்த அக்கா நின்றுகொண்டேதான் பேசினார்.

"இந்தா பாரும்மா, அவன் கண்ணு இருக்கற நெலமையில காசிக்குக் கூட்டிட்டுப் போ. புண்ணியமாச்சும் கெடைக்கும். ஊரு பேரு தெரியாத எடத்துல பனியப் பாத்து என்னா ஆகப் போவுது?"

"கண்ணு போறவருக்குப் புண்ணியந்தான் வேணும்னு யாரு சொன்னா அத்தான்?"

"நான் சொல்றேன். கூடப் பொறந்த அண்ணன் சொல்றேன்."

"சரி." அக்கா எழுதிக்கொண்டார். "உங்க தம்பியக் கேட்டீங்களா?"

அவர் தண்ணீர்க் குவளையை எடுத்துக் குடித்தார்.

"நான் கேட்டேன். காசியா, மீன் பொட்டி மலையான்னு. காசியில கூட்டமா இருக்கும், மலைக்கே போவோம்னாரு. அவரு பேரையும் கீழ எழுதிக்கறேன்."

"எக்கேடோ கெட்டுப் போங்க" என்று அவர் எழுந்துவிட்டார். முதலாளி அவர் பின்னாலேயே படியிறங்கி ஓடினார். நான் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு சிரித்தேன். எங்கள் வீட்டில் என் அப்பாவுக்கு மூத்தவர் ஒருத்தர் இருந்தார். என் படிப்பை அவர்தான் நிறுத்தினார். அவரிடம் யாரும் பெயர் கேட்கவில்லை. அதை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

வருடத்தில் ஒரு நாள் அந்தக் கோல்ட் ரூமில் ஊழியர்களின் குடும்பத்தை உள்ளே விடுவார்கள். அக்கா என்னையும் தங்கச்சி என்று சொல்லிக் கூட்டிப் போனார். பயணத்துக்கான ஜாக்கெட்டுகளை அந்தக் குளிரில் போட்டுப் பார்க்கத்தான். கம்பெனி கழித்துப் போட்ட மூன்று ஜாக்கெட்டுகளைக் கேட்டு வாங்கி, கிழிசலைத் தைத்து, துவைத்து வைத்திருந்தார். முதுகிலும் கையிலும் வெள்ளிப் பட்டை பளபளத்தது. பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த அவர் மகளுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அம்மா, ஹைவேல கோன் வைக்கிறவங்க மாதிரி இருக்கோம்மா. போட்டோல்லாம் எப்படிமா போடறது?"

"கடையில விக்கறத ஏர்கான்ல போட்டுப் பாப்பாங்க. இது மைனஸ் இருபதுல பதினஞ்சு வருஷம் ஒழைச்சது. போடு."

அக்கா தன் வேலை ஜாக்கெட்டிலும், நாங்கள் மூவரும் அந்த மூன்றிலுமாக உள்ளே போனோம். அக்காவின் வீட்டுக்காரரை அன்றுதான் பார்த்தேன். உயரமான, மெலிந்த மனிதர், வெளியே வெளிச்சம் கூசுகிறதென்று கறுப்புக் கண்ணாடி. லோரி ஓட்டுவதை ஆறு மாதம் முன்பே நிறுத்தியிருந்தார். உள்ளே போய் ஐந்து நிமிடத்தில் என் மூக்கு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. நானும் அவரும் வெளியே வந்துவிட்டோம். அக்காவும் மகளும் அனுமதித்த கால் மணி நேரம் முடியும்வரை உள்ளேயே நின்றார்கள்.

"அக்காவோட எப்படிண்ணே காலந்தள்ளுறீங்க?" என்று நான் கேட்டுவிட்டேன். வாய் துடுக்கு எனக்கு.

அவர் தேநீரை ஊதிக்கொண்டே சொன்னார். "கல்யாணத்தன்னிக்கு மணவறையில ஐயரு, பொண்ணு தல குனிஞ்சு உக்காரணும்னாரு. யாரு சொன்னா, பேரச் சொல்லுங்கன்னா. ஐயரு பாவம், அவரு பேரையே சொல்லிட்டாரு. அப்பவே எனக்குத் தெரியும்."

பிறகு அவரே இன்னொன்றும் சொன்னார். ஒருமுறை அவர் இழுத்து வந்த கன்டெய்னரில் மீன் வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்திருந்தது. பெட்டிகளின் அடி அமுங்கிப் பனிக்கட்டியாகக் கிடந்தது. மேலதிகாரி கையெழுத்துப் போடச் சொன்னார். நீங்கள் சொன்னதாக எழுதிக் கொடுங்கள் என்றார் அக்கா. அவர் கொடுக்கவில்லை. நாலு மணி நேரம் லோரி வாசலிலேயே நின்றது. பொழுது போய்க்கொண்டிருக்கிறது, போட்டுத்தான் தொலையேன், வீட்டுக்குப் போகலாம் என்று வீட்டுக்காரரே கெஞ்சியிருக்கிறார். அக்கா அவர் பெயரையும் எழுதிக்கொண்டார். கடைசியில் கன்டெய்னர் திரும்பிப் போனது. அடுத்த மாதம் தலைமைச் செக்கர் பதவி அக்காவுக்கு வரவேண்டியது, அவருக்குக் கீழே இருந்தவருக்குப் போனது.

"அழுதா" என்றார் அவர். "கதவச் சாத்திக்கிட்டு, ரெண்டு நாளு. வெளிய யாருக்கும் தெரியாது. நீ கேட்டியேன்னு சொன்னேன்."

இப்படிப்பட்டவரோடு வாழ்வது சுலபமில்லை என்று எனக்கு அன்று பட்டது. இப்படி ஒருத்தர் என் வீட்டிலும் இருந்திருக்கலாம் என்றும் பட்டது. இரண்டும் இன்றைக்கும் அப்படியேதான் இருக்கின்றன.

புறப்பட இரண்டு வாரம் இருந்தது. நான் பயணத் திட்டத்தைத் தட்டெழுதிக்கொண்டிருந்தேன். எங்கள் ஆபீசில் ஒரு பழக்கம் உண்டு. கன்னியாகுமரி போகிறவர்களுக்காக ஒவ்வொரு நாளுக்கும் எதிரே சூரிய உதய நேரத்தைப் போட்டுக் கொடுப்போம். ஆட்கள் அதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அந்தப் பழக்கத்தில் அக்காவின் திட்டத்துக்கும் போட நினைத்துப் போனில் அந்த ஊரைத் தேடினேன். உதயம் என்ற இடத்தில் ஒரு கோடு இருந்தது. அஸ்தமனம் என்ற இடத்திலும் ஒரு கோடு. போனை அணைத்துப் போட்டேன். மறுபடியும் கோடு. அடுத்த நாளுக்குப் பார்த்தேன், அதற்கடுத்த நாளுக்குப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்கக் கோடுதான்.

இங்கே வருடம் முழுவதும் ஏழு மணிக்கு விடியும், ஏழரைக்கு இருட்டும். மழை வரலாம், புகைமூட்டம் வரலாம், சூரியன் லீவு போடும் என்று எந்த மலேசியக்காரன் நினைத்திருப்பான்? பள்ளிக்கூடத்தில் எங்கோ படித்ததுதான். வடதுருவம், ஆறு மாதம் பகல், ஆறு மாதம் இரவு. பரீட்சைக்கு எழுதிவிட்டு மறந்துபோனது. கண் போய்க்கொண்டிருக்கும் ஒரு மனிதருக்கு மலையைக் காட்ட, சூரியனே வராத மாதத்தில் டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

முதலாளியிடம் சொன்னேன். "வாய மூடிக்க. போய் எறங்குனா தன்னால தெரியும். டிக்கெட்ட இனிமே மாத்தவும் முடியாது" என்றார். அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று கேட்டால் பாதி அவர் மேல், பாதி என் மேல்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிள்ளானுக்கு ரயில் ஏறினேன். அக்கா வீடு ஒரு அடுக்குமாடியில் மூன்றாவது மாடி. கூடத்தில் பெட்டிகள் பாதி கட்டிய நிலையில் இருந்தன. வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று பயம்.

அக்கா கட்டிக்கொண்டிருந்த பெட்டியை விட்டு எழுந்து வந்தார். பிறகு அப்படியொரு திட்டு. "டிக்கெட் விக்கற நீ பாக்க வேணாமா? ரெண்டு மாசமா அடுப்பு இருக்கா, கட்டில் இருக்கான்னு பாத்தியே, சூரியன் இருக்கான்னு பாக்க மாட்டியா? நான் மீனு எண்றவ, எனக்குத் தெரியாது. நீயுமா?" நான் தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். சொன்னதெல்லாம் நியாயம். காகிதத்தை எடுத்து என் பெயரை இரண்டாவது தடவை எழுதினார்.

"ஜூன் மாசத்துக்கு மாத்த ஏதாச்சும் வழி பாக்கவாக்கா?" என்றேன். "நான் எப்படியாவது..."

"ஜூன்ல அவருக்குக் கண்ணு இருக்கும்னு நீ எழுதிக் குடுப்பியா?"

அக்கா காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"மத்தியானம் கூடவா இருட்டு?"

"மத்தியானம் கொஞ்சம் வெளிச்சம் வருமாம்க்கா. சூரியன் மேல வராது, ஆனா நீலமா ஒரு வெளிச்சம்."

"எவ்வளவு நேரம்?"

"மூணு மணி நேரம் இருக்கும்."

"போதும்" என்றார். "அந்த மனுசன் மூணு மணி நேரம் ஒரு எடத்துல நின்னு பாக்கற ஆளில்ல."

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் குரல் கொடுத்தார். "என்னாவாம் அந்தப் பொண்ணு?"

"அங்க சூரியன் வராதாம்."

"அப்ப கறுப்புக் கண்ணாடிய வச்சிட்டு வரேன்" என்றார் அவர்.

அக்கா திரும்பி, திறந்து கிடந்த பெட்டியில் குக்கரை வைத்து அமுக்கினார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவரோ, "நிக்காத, அந்தப் பக்கம் புடி. மூட மாட்டேங்குது" என்றார். பெட்டியின் மேல் உட்கார்ந்து நான்தான் பூட்டினேன்.

அவர்கள் போயிருந்த வாரம் முழுவதும் ஆபீசில் நான் ஒரு வேலையும் ஒழுங்காகச் செய்யவில்லை. ஜனவரியில் அக்கா மாடியேறி வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. வந்ததும் முதலில் விமான நிலையக் கதையைச் சொன்னார். ஐரோப்பாவில் முதலில் இறங்கிய இடத்தில் ஓர் அதிகாரி மூன்று பட்டை ஜாக்கெட்டுகளையும் பார்த்துவிட்டு, வேலைக்கு வந்தீர்களா என்று கேட்டிருக்கிறார். ஹாலிடே என்றார் அக்கா. இந்த உடுப்பிலா என்றார் அவர்.

"உங்க பேரு என்னா சார்னு கேட்டேன். இங்லீசுலதான். சிரிச்சிட்டு பாஸ்போர்ட்டுல சாப் அடிச்சிட்டான்."

"அக்கா, மலை?"

"சொல்றேன் இரு."

போய்ச் சேர்ந்த முதல் நாள் பனி கொட்டியது. இரண்டாவது நாளும். நடுப்பகலில் கதவைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு திரை, அதற்குப் பின்னால் கடல் இரைகிற சத்தம், அவ்வளவுதான். மகள் மூலையில் போர்வைக்குள் கிடந்தாள். வீட்டுக்காரர், "மலைய அழிச்சிட்டாங்க போல" என்று கேலி பேசினார். அக்கா பேசாமல் மீன் கறி வைத்துக்கொண்டிருந்தார். மொத்தம் நாலே நாள்தான் தங்கல். அந்த இரண்டாம் நாள் சாயங்காலம், அத்தான் சொன்ன மாதிரி காசிக்கே கூட்டிப் போயிருக்கலாமோ என்று தனக்குத் தோன்றியதாக அக்கா சொன்னார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாம் நாள் பனி நின்றது. மகள் போனில் எடுத்த காணொளியை என் மேசைமேல் வைத்தார்.

நீல வெளிச்சம். வானம் நீலம், பனி நீலம், கடல் கறுப்பு. படகுத் துறையின் ஓரத்தில் அவர் நிற்கிறார். கண்ணாடி இல்லை. ஜாக்கெட்டின் வெள்ளிப் பட்டை மட்டும் துலக்கமாகத் தெரிகிறது. அவருக்கு முன்னால், கடலுக்கு அந்தப் பக்கம், அந்த மலை. பெட்டியில் பார்த்த அதே மலை.

அக்காவின் குரல் கேட்கிறது. "தெரியுதாங்க?"

அவர் கழுத்தை முன்னால் நீட்டுகிறார்.

"ஏங்க, தெரியுதா?"

"வாய மூடு. பாத்துட்டிருக்கேன்ல."

பல நிமிடம் ஓடுகிறது. அவர் தலையை மெல்ல இடமும் வலமும் சாய்த்து, மிச்சமிருக்கும் ஒற்றைக் கண்ணுக்குள் மலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவருகிறார். கடைசியில் கையை நீட்டினார்.

"எடது பக்கம் மேல ஒரு வெட்டு இருக்கு பாரு. மேலேருந்து கீழ வரைக்கும். பொட்டியில அது இல்ல. வரைஞ்சவன் விட்டுட்டான்."

காணொளி அத்தோடு முடிந்தது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், வெட்கப்படவில்லை.

"அந்த வெட்ட நானே கவனிக்கல தங்கச்சி" என்றார் அக்கா. "பதினெட்டு வருஷம் பாத்த எனக்குத் தெரியல. அவரு சொன்னப்பறந்தான் பாத்தேன். இருக்கு."

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அவர் வரவில்லை. தீபாவளிக்கு ஒரு செய்தி, பொங்கலுக்கு ஒரு செய்தி, அவ்வளவுதான். பிறகு ஒரு நாள் மாடியேறி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார்.

"அண்ணன் எப்படி இருக்காருக்கா?"

"கண்ணு முழுசாப் போயிருச்சு. மார்ச்சுல."

நான் ஏதோ ஆறுதல் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத்தான் வந்திருந்தாரு. கண்ணு தெரியாத மனுசன இனி எங்கயும் இழுத்துக்கிட்டு அலையாத, வீட்டோட வச்சுப் பாத்துக்கன்னாரு. சரி, அது கெடக்கட்டும். எனக்கு ஜூன்ல லீவு கேட்டிருக்கேன். இந்தத் தடவ நல்லா சத்தமா இருக்கற எடமா சொல்லு. தண்ணி ஒசரத்துலேருந்து விழணும். கடலு பாறையில மோதணும். காத்து அடிக்கணும். போன தடவ மாதிரி சும்மா கம்முனு நிக்கற மலை வேணாம்."

"அதே பக்கமாக்கா?"

"அதே பக்கந்தான். குடிசையில அடுப்பு இருக்கான்னு பாத்துக்க."

ஒரு மணி நேரம் தேடினோம். அருவி ஒன்று நேராகக் கடலில் விழுகிற ஒரு தீவைக் கண்டுபிடித்தேன். போனில் அதன் ஒலியைப் போட்டுக் காட்டினேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இது சரி என்றார். மூன்று பேருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கி விவரங்களை ஏற்றினேன். திரையில் இருக்கைகளின் படம் வந்தது. வரிசைக்கு மூன்று இடம்.

"மகளுக்கு ஜன்னல் போட்டுரவாக்கா?"

"எதுக்கு? ஜன்னல் அவருக்கு."

என் விரல் அப்படியே நின்றது. அக்கா என்னைப் பார்த்தார்.

"அவரும் டிக்கெட் எடுத்துத்தானே வராரு. ஜன்னல் அவருக்குத்தான். வெளிய என்னா இருக்குன்னு நான் சொல்லிக்கிட்டு வரேன்."

போட்டுக் கொடுத்தேன்.